ஒலிப்பதிவைச் செப்பனிடும் மென்பொருளைத் தெரிந்தெடுத்தல்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு, ஏரியையும் கால்வாயையும் கூறுவதோடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென ஒரு பங்கு ஒதுக்கியதையும் கூறுகின்றது. ஒருவர் வாசிக்க ஊரார் கேட்டறிதல் அக்கிராமத்திற்குப் புதிதன்று. 1960-களில் திருச்சி வானொலி வாயிலாகப் பரவிய ஆடுதுறை 27 நெல்லைத் தஞ்சை ஜில்லா உழவர் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். இக்காலத்திலோ கைபேசியுடைய எந்நிலக்காரரும் உரம், பூச்சி முதலியவை பற்றித் தாமே பேசிப் பதிவு செய்து அயலூருக்கு அனுப்பக்கூடும்.

அங்ஙனம் அனுப்புமுன் இருமலையும் இரைச்சலையும் நீக்குதற்கு மென்பொருள் வேண்டும். இதில் கவனக்குறைவு நேரின் கேடு சிறிதன்று. மருந்து “இரண்டரை மில்லி” என்று சொன்னதில் முன்பாகம் வெட்டுண்டு “அரை மில்லி” என்று நின்றுவிடின், கேட்டவர் வயலில் பூச்சி சாகாது, பணமும் போம். ஆகையால் அலங்காரங்கள் பல உள்ளதா என்று பாராமல், மூலப்பதிவு பத்திரமாயிருக்குமா என்பதையே முதலிற் பார்த்தல் வேண்டும்.

கணினி உள்ளவருக்கு ஆடாசிட்டி ஏற்றது. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த இது விலையின்றிக் கிடைப்பது. திருத்தங்களைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்வதால் மூலத்திற்கு ஊறில்லை. ஆனால் அக்கோப்பைக் கைபேசியில் நேரே கேட்க இயலாது, எம்பி3 ஆக வெளியேற்றியே அனுப்ப வேண்டும். பிரேசில் நாட்டில் தோன்றிய ஓசன்ஆடியோவும் இலவசமே. பழகுதற்கு இன்னும் எளிது. எனினும் அதில் திறந்த கோப்பைத் திருத்திச் சேமித்தால் பழையது அழிந்துபோம். எனவே படியெடுத்துக்கொண்டே தொடங்குக.

பம்புசெட்டு, தறி ஆகியவற்றின் சத்தத்தைக் குறைக்க ஆடாசிட்டியில் ஓர் உபாயம் உண்டு. பேசத் தொடங்குமுன் சில விநாடி மௌனமாயிருந்து அவ்விரைச்சலை மாத்திரம் பதிந்தால், மென்பொருள் அதனை மாதிரியாகக் கொண்டு பதிவு முழுவதிலும் தணிக்கும். மிகுதியாகத் தணித்தால் குரலும் குடத்துக்குள் பேசுவதுபோலாகும். பம்பை நிறுத்திவிட்டுப் பேசுவதே மேல்!

ஒற்றைத் தடத்தில் சுருக்காத வேவ் கோப்பு நிமிஷத்திற்கு ஏறக்குறைய 5 மெகாபைட் கொள்ளும். 64 கிலோபிட் எம்பி3 அரை மெகாபைட்டுக்குள் அடங்கும். பேச்சுக்கு இதுவே போதும். முந்தியதை வீட்டில் வைத்துப் பிந்தியதை அனுப்பலாம். அனுப்புமுன் அளவு கூறுமிடங்களை மற்றொருவரைக் கேட்கச்செய்து, அவர் கேட்டவாறு எழுதி வாங்கி ஒப்பிடுக. கோப்பின் பெயரில் தேதியும் பருவமும் குறிக்கப்படல் வேண்டும். சம்பாவுக்குச் சொன்னதைச் சொர்ணவாரிக்கு ஒருவர் எடுத்துக்கொள்ளாதிருக்க இது உதவும்.