அடைத்த வாயிலும் அயல்நாட்டு மாணவரும்

கல்வி கருதிக் கடல் கடத்தல் பழைய வழக்கமே. ஆயினும், அங்ஙனஞ் சென்ற மாணவன் அந்நாட்டிலே குடிமகனா, விருந்தினனா என்னும் வினா நல்ல காலத்தில் எழுவதில்லை. கொரோனாப் பெருந்தொற்று அதனை எழுப்பியது. அவுஸ்திரேலியா அதற்கு அளித்த விடை ஆராயத்தக்கது.

2020 மார்ச் 20ஆந் திகதி அந்நாடு தன் எல்லையை மூடியது. குடிமக்களும் நிரந்தர வதிவிடம் பெற்றோரும் அவர்தங் குடும்பத்தினரும் முதலியோர்க்கே வழி இருந்தது. வீசாவும் பெற்று, கட்டணமுஞ் செலுத்தி, பாதிப் படிப்பில் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த மாணவர் வெளியே நின்றனர். சீனாவிலிருந்தோர்க்குப் பெப்ரவரி முதலாந் திகதியே வாயில் அடைபட்டது. கல்வியாண்டு தொடங்கவிருந்த பருவம் அது. உள்ளே இருந்தோர் நிலையும் இனிதன்று. தம்மைத் தாங்க இயலாதோர் தாயகந் திரும்புக என்னும் கருத்துப்படப் பிரதமர் ஸ்கொட் மொறிசன் ஏப்பிரலிற் பேசினார். இத்தனைக்கும் 2019இல் பிறநாட்டு மாணவரால் அந்நாடு பெற்ற வருவாய் ஏறத்தாழ 4,000 கோடி டொலர்!

அரசின் நியாயத்தையும் எளிதில் தள்ளிவிடலாகாது. வந்திறங்குவோர் 14 நாள் விடுதியிலே தனித்திருத்தல் வேண்டும், அறைகளோ அளவுடையன. ஆகவே 2020 யூலை முதல் வருவோர் தொகை வரையறுக்கப்பட்டது. சொந்தக் குடிமக்களே பல்லாயிரவர் வெளிநாடுகளிற் காத்திருக்கையில், மாணவரை முன்னழைத்தல் எவ்வரசுக்கும் அரிது. ஆனால் 2021 சனவரியில் மெல்பேர்ண் டெனிஸ் போட்டிக்கு உலக வீரர்கள் தனி விமானங்களில் அழைக்கப்பட்டமை இந்நியாயத்தின் வலிமையைப் பெரிதுங் குறைத்துவிட்டது. கனடாவோ 2020 ஒக்டோபர் 20 முதல், ஆயத்தத் திட்டத்திற்கு ஒப்புதல் பெற்ற கல்விநிலையங்களின் மாணவரை ஏற்றுக்கொண்டது.

எல்லை மூடியபின் முதன்முதலாக ஒரு மாணவர் குழு 2020 நவம்பர் 30இல் சிங்கப்பூரிலிருந்து டார்வின் நகரை அடைந்தது. சார்ள்ஸ் டார்வின் பல்கலைக்கழகத்துக்கு வந்த அவர்கள் 63 பேரே. ஹவார்ட் ஸ்பிறிங்ஸ் என்னுமிடத்தில், முன்னாளிலே தொழிலாளர் குடியிருப்பாயிருந்த முகாமில் அவர்கள் 14 நாள் தங்கினர். அவ்வழி அதன்பின் அகலவில்லை.

ஏனையோர்க்கு இணையமே கல்லூரியாயிற்று. கோடையிற் சிட்னி நகரத்துக் காலை 9 மணி வகுப்பு, டில்லி மாணவனுக்கு விடியற்காலை 3.30 மணிக்குரியது. விரிவுரையை அவ்வாறு கேட்டல் கூடும். ஆய்வுகூடத்தையும் மருத்துவமனைப் பயிற்சியையும் என் செய்வது?

ஈற்றில் வாயிலைத் திறந்தது தடுப்பூசி. அதிலும் ஊசியின் பெயர் நோக்கப்பட்டது. கோவிஷீல்டும் சினோவாக்கும் 2021 ஒக்டோபர் முதலாந் திகதியிலும், கோவாக்சினும் சினோபாமும் நவம்பர் முதலாந் திகதியிலும் ஏற்கப்பட்டன. தன் நாடு எதனை இட்டதோ அதன்படி மாணவனின் பயணம் முந்தியது அல்லது பிந்தியது. டிசம்பர் முதலாந் திகதிக்குக் குறித்த திறப்பு, ஒமிக்ரோன் பரவலால் 15ஆந் திகதிக்குத் தள்ளிப்போயிற்று.

2022 சனவரியில் வேலையாட்கள் போதாமையால், இரு வாரத்துக்கு 40 மணித்தியாலமே மாணவர் உழைக்கலாம் என்றிருந்த வரம்பு தளர்த்தப்பட்டது. மார்ச் 19க்குள் வந்துசேரும் மாணவர்க்கு வீசாக் கட்டணம் மீள அளிக்கப்படும் எனவும் அறிவித்தனர். அவ்வரம்பு 2023 யூலையில் 48 மணித்தியாலமாகத் திரும்பி வந்தது.