நம்பர் பிளேட்டிலிருந்து தொடங்குங்கள்

சுபாங் ஜெயா வட்டாரத்தில் பல பேரங்காடிகளில் கார் நிறுத்த இப்போது சீட்டு எடுக்க வேண்டியதில்லை. கார் வந்து நின்றதும் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிடுகிறது, தடைக்கம்பம் உயர்கிறது. பிரிட்டன் காவல்துறையின் அறிவியல் பிரிவு 1976-இல் உருவாக்கிய உத்தி இது. அன்று அதற்கென்றே தனிக்கருவிகள் தேவைப்பட்டன. இன்று ஒரு மடிக்கணினியும் பைத்தான் மொழியும், 1999-இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட ஓப்பன்சிவி என்ற இலவச நிரல் தொகுப்பும் போதும்.

சுபாங் ஜெயாவின் எஸ்எஸ்15 பக்கம் தங்கிப் படிக்கும் மாணவர்கள் படச் செயலாக்கம் கற்க வேண்டும் என்றால், நம்பர் பிளேட்டைப் படிக்கும் நிரலிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். பலரும் முதல் நாளே ஆயத்தமாகக் கிடைக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை இறக்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். விடை வந்துவிடும், ஏன் வந்தது என்பது தெரியாது. தப்பாக வந்தால் எங்கே கைவைப்பது என்பதும் தெரியாது.

கணினிக்குப் படம் என்பது எண்களின் அட்டவணை. 1957-இல் அமெரிக்காவில் கணினி விஞ்ஞானி ரசல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் புகைப்படத்தைக் கணினிக்குள் ஏற்றியபோது அகலத்தில் 176, உயரத்தில் 176 புள்ளிகள் இருந்தன, மொத்தம் 30,976. உங்கள் கைப்பேசி எடுக்கும் 12 மெகாபிக்சல் படத்தில் 12 மில்லியன் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஓப்பன்சிவி இவற்றை நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக அடுக்கும். அது தெரியாமல் அதே எண்களை வேறொரு தொகுப்பில் படமாகக் காட்டினால் முகமெல்லாம் நீலம் பூத்திருக்கும்.

இன்னொரு கோளாறு இதைவிட வேடிக்கையானது. ஒரு புள்ளியின் வெளிச்சம் 250. படத்தைச் சற்றுப் பிரகாசமாக்க 10 கூட்டுகிறீர்கள். வருவது 260 அல்ல, 4. ஒவ்வொரு எண்ணுக்கும் 8 பிட் இடம்தான். 0 முதல் 255 வரை மட்டுமே அதில் அடங்கும். 255-ஐத் தாண்டியதும் கார் மீட்டர் சுற்றி முடித்ததுபோல எண் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. வெளுத்த வானத்தில் கறுப்புத் திட்டுகள் விழும். ஓப்பன்சிவியின் கூட்டல் கட்டளையைப் பயன்படுத்தினால் 255-இல் நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிறவர் நிரலாக்கத்தில் பாதி வழி வந்துவிட்டார் என்பது என் எண்ணம்.

இனி பிளேட். நம் ஊர்ப் பிளேட்டில் கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பக்கூடாது என்று ஓ, ஐ எழுத்துகளை வழக்கமான பிளேட்டில் சேர்ப்பதில்லை. தொடங்குபவருக்கு இதைவிட வசதியான பாடம் கிடைக்காது. படத்தைச் சாம்பல் நிறமாக்கினால் எண்கள் இரண்டு குவியலாகப் பிரியும்: இருண்டவை ஒரு பக்கம், வெளிச்சமானவை இன்னொரு பக்கம். நடுவில் எங்கே வெட்டுவது? ஜப்பானியரான நொபுயுகி ஒட்சு 1979-இல் வெளியிட்ட முறை எல்லா இடத்திலும் வெட்டிப் பார்க்கிறது. எங்கே வெட்டினால் ஒவ்வொரு குவியலுக்குள்ளும் வேறுபாடு மிகக் குறைவோ, அதைத் தேர்கிறது. பிளேட்டின் பாதியில் வெயிலும் பாதியில் நிழலும் விழுந்திருந்தால் இது சறுக்கும். அப்போது படத்தைச் சிறு கட்டங்களாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி வெட்டு போட வேண்டும்.

வெட்டியபின் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிகளைச் சேர்த்தால் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனித் தீவாகக் கிடைக்கும். பிளேட்டின் திருகாணிகளும் சில சமயம் தீவுகளாக வரும். எழுத்துகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரம் என்பதால் குள்ளமானவற்றைக் கழித்துவிடலாம். சிலாங்கூர் கார்களின் முதல் எழுத்தான பி, கேமராவுக்கு 8 போலத் தெரியும். அதற்குப் படத்தைக் குடைய வேண்டாம். வழக்கமான பிளேட் எழுத்தில்தான் தொடங்கும். முதல் இடத்தில் 8 வந்தால் பி என்று மாற்ற ஒரு வரி நிரல் போதும். கண்ணால் முடியாததை ஊர் விதி முடித்துவைக்கிறது.

டாக்சி வந்தால்தான் சிக்கல். அதில் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. மின்சாரக் கார்களுக்கு 2024-இல் அறிமுகமான புதிய பிளேட்டும் அப்படியே. எழுத்து வெள்ளை என்று நம்பி எழுதிய நிரல் பிளேட் முழுவதையும் ஒரே தீவாக எடுத்துக்கொள்ளும். வெட்டியபின் வெள்ளைப் புள்ளிகள் பாதிக்கு மேல் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இருந்தால் ஒவ்வொரு மதிப்பையும் 255-இலிருந்து கழித்துப் கறுப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றுங்கள். மோட்டார் சைக்கிள் பிளேட்டில் இரண்டு வரி இருக்கும். அங்கே தீவுகளை முதலில் உயரத்தால் இரண்டாகப் பிரித்து, பிறகே இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும்.