அப்பா பெயரை மாற்றினாரா?

1922 இலையுதிர்காலத்தில் ஹார்வர்டில் சேர விண்ணப்பித்த பையன்களுக்கு வந்த படிவத்தில் சில புதிய கேள்விகள் முளைத்திருந்தன. இனம் என்ன, நிறம் என்ன, எந்த மதம், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, அப்பா பிறந்த இடம் எது. இவற்றோடு இன்னொன்று: நீங்கள் பிறந்த பிறகு உங்கள் பெயரையோ தகப்பனார் பெயரையோ மாற்றியதுண்டா? மாற்றியிருந்தால் விளக்கமாக எழுதவும்.

லத்தீனும் கணக்கும் படிக்க வருகிற பையனிடம் அப்பா பெயரை ஏன் குடைய வேண்டும்? ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் கப்பலேறி வந்த யூதக் குடும்பங்கள் பல, அமெரிக்க நாக்குக்கு வாகாகப் பெயரைச் சுருக்கிக்கொண்டிருந்தன. பையனின் பெயரில் பிடிபடாதது அப்பாவின் பழைய பெயரில் பிடிபடும். அதிலும் தப்பினால் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் காட்டிக்கொடுக்கும். ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு ஆளை எடைபோடும் இந்த வித்தை நமக்கும் புதிதல்ல.

அப்போது ஹார்வர்டின் தலைவர் அபட் லாரன்ஸ் லோவல். பாஸ்டனின் பழம்பெரும் குடும்பத்துக்காரர். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தக் கோரிய சங்கத்தின் துணைத் தலைவராகவும் இருந்தவர். 1900இல் அவருடைய பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்கள் 100க்கு 7 பேர். 1922இல் 21க்கும் மேல். நுழைவுத் தேர்வில் தேறினால் இடம் என்பதுதான் அதுவரை விதி. படித்துத் தேறி வருபவனைத் தடுக்க வழியில்லை. 15 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார் லோவல். அவர் சொன்ன காரணம் வேடிக்கையானது. கோடைக்கால விடுதி ஒன்றில் யூதர்கள் வந்து தங்கினால் அது நொடித்துப்போகிறது. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல, அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வராமல் போவதால், பிறகு அவர்களும் வேறிடம் தேடிப் போவதால். ஆகவே தான் செய்வது யூதர்களின் நன்மைக்கே என்று அவர் உண்மையாகவே நம்பினார். வெறுப்பைக் குறைக்க, வெறுக்கப்படுகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது!

இதை ‘இட ஒதுக்கீடு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இத்தனை இடமாவது கொடு என்று கேட்பது ஒதுக்கீடு. லோவல் கேட்டதோ இதற்கு மேல் ஒருவனும் வரக்கூடாது என்பது. நிலத்துக்கு உச்சவரம்பு போடுவது மாதிரி மாணவர்களுக்கு ஓர் உச்சவரம்பு. ஐரோப்பாவில் இதற்கு ‘நியூமரஸ் கிளாசஸ்’ என்று லத்தீன் பெயரே உண்டு.

ஜாரின் ரஷ்யா இதை ஒளிவுமறைவு இல்லாமல் செய்தது. 1887இல் வந்த விதி: யூதர்கள் வசிக்க அனுமதிக்கப்பட்ட மேற்கு மாகாணங்களில் 10 விழுக்காடு, அதற்கு வெளியே 5, மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்கிலும் 3. கிறிஸ்தவப் பையன்கள் கூடினால் யூதர்களுக்கும் இடம் கூடும் என்பதால், சில வணிகப் பள்ளிகளில் யூதத் தகப்பன்மார் ஊரான் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டினார்கள். ஷோலம் அலைக்கம் அந்தக் கூத்தை ஒரு கதையாகவே எழுதினார். 1913இல் இன்னொரு திருப்பம்: மதிப்பெண் வேண்டாம், யூத மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள் என்றது அரசு. கோமெல் ஊரில் தங்கப் பதக்கத்தோடு பள்ளி முடிக்கவிருந்த ஒரு பையன் அந்தச் செய்தியைக் கேட்டு இடிந்துபோனான். உனக்குக் கட்டாயம் விழும் என்று பந்தயம் கட்டினான் நண்பன். விழுந்தது. பந்தயத்தில் தோற்றதற்கு நண்பனுக்கு ஒரு நல்ல புத்தகம் வாங்கிக் கொடுத்தான். பின்னாளில் குழந்தைகளின் சிந்தனையைப் பற்றிய புரிதலையே மாற்றிய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கிதான் அவன். சீட்டு விழாதவர்களில் யார் யார் இருந்தார்களோ.

ஹங்கேரி 1920இல் சட்டமே போட்டது. சிலார்ட், விக்னர், டெல்லர் என்று அந்தக் காலத்தில் புடாபெஸ்டை விட்டு ஜெர்மனிக்குப் படிக்கப் போன இளைஞர்களின் பெயர்கள் பிறகு அணுகுண்டின் வரலாற்றில் வந்தன.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம், ஏனென்றால் சாமர்த்தியம் அங்கேதான். லோவலின் 15 விழுக்காடு நாளிதழ்களில் வெளியாகி நாறிவிட்டது. பேராசிரியர் குழு ஒன்று ஆராய்ந்து, 1923 ஏப்ரலில் வெளிப்படையான வரம்பு கூடாது என்று சொன்னது. கூடவே தொலைதூர ஊர்ப் பையன்களை ஈர்க்க ஒரு யோசனையும் தந்தது: பள்ளியில் முதல் ஏழில் ஒரு பங்குக்குள் வந்தவனுக்கு நுழைவுத் தேர்வே வேண்டாம். விளைவு? 1925இல் புதிதாகச் சேர்ந்தவர்களில் யூதர்கள் நான்கில் ஒருவருக்கும் மேல்.

1926இல் லோவல் வேறு வழியைப் பிடித்தார். சேர்க்கை 1000 பேரோடு நிறுத்தப்பட்டது. இடம் குறைவு என்றால் பொறுக்கித்தானே ஆக வேண்டும்? பொறுக்குவதற்கு மதிப்பெண் மட்டும் போதாது, ‘குணம்’ வேண்டும். குணத்தை அறியப் புகைப்படம் வேண்டும், பரிந்துரைக் கடிதம் வேண்டும், நேர்முகம் வேண்டும். உள்ளே ஏற்கெனவே ஜே1, ஜே2, ஜே3 என்று குறியீடுகள் புழங்கின: நிச்சயமாக யூதன், பெரும்பாலும் யூதன், யூதனாக இருக்கலாம். எந்தத் தாளிலும் விழுக்காடு இல்லை. ஆனால் யூதர்களின் பங்கு லோவல் முதலில் கேட்ட 15க்கே வந்து நின்றது. எழுதிய எண்ணை எதிர்த்து வழக்காடலாம். குணம் போதவில்லை என்பவனிடம் எதை வைத்து வாதாடுவது? எனக்கென்னவோ, ஜாரின் 3 விழுக்காடே இதைவிட நேர்மையானதாகப் படுகிறது.

கொலம்பியா பல்கலைக்கழகம் இந்த வழியில் ஹார்வர்டை முந்திக்கொண்டது. அங்கே 40 விழுக்காடு இருந்த யூதர்கள் இரண்டே ஆண்டில் 22க்கு இறங்கினார்கள். 1935இல் இடம் மறுக்கப்பட்ட ஒரு பையன் எம்.ஐ.டி.க்குப் போனான், ரிச்சர்ட் ஃபைன்மன். கட்டிய 15 டாலரை கொலம்பியா விழுங்கிவிட்டதே என்ற எரிச்சல் நோபல் வாங்கிய பிறகும் அவருக்குத் தீரவில்லை. அதே ஆண்டு நேர்முகத்துக்கு வந்த ஐசக் அசிமோவை, புரூக்ளினில் தான் நடத்திய சேத் லோ என்ற சிறு கல்லூரிக்குத் தள்ளிவிட்டது கொலம்பியா. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். மருத்துவப் படிப்பு இன்னும் மோசம். கொலம்பியா மருத்துவக் கல்லூரியில் 1920இல் பாதிக்குச் சற்றே குறைவாக இருந்த யூதர்கள் 1940இல் 6 விழுக்காடு. டாக்டராக ஆசைப்பட்ட நியூயார்க் பையன்கள் கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போய்ப் படித்தார்கள்.

சேர்த்துக்கொண்டு வெட்டிய இடமும் உண்டு. அட்லாண்டாவின் எமரி பல் மருத்துவக் கல்லூரியில் 1948 முதல் 1961 வரை ஜான் பியூலர் முதல்வராக இருந்த காலத்தில், யூத மாணவர்களில் 65 விழுக்காட்டினர் தோற்கடிக்கப்பட்டார்கள் அல்லது படித்த ஆண்டையே திரும்பப் படித்தார்கள். தோற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் அவமானம், ஊரில் அவமானம். நான்தான் மக்கு என்று நம்பியே பல பேர் கிழவர்களானார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு வீடு வீடாகப் போய்ப் பழைய தோழர்களைப் பேசவைத்து வீடியோ எடுத்தார். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2012இல்.

லோவலின் படிவம் சாகவில்லை. பரிந்துரைக் கடிதம், நேர்முகம், ஆளுமை மதிப்பீடு எல்லாம் இன்றும் இருக்கின்றன. நியூஜெர்சித் தமிழ்க் குடும்பங்களும் ராத்திரி கண்விழித்து அவற்றைத்தான் நிரப்புகின்றன. ஆசிய மாணவர்களுக்கு ஆளுமைக்கான மதிப்பெண்ணில் ஹார்வர்ட் குறைவைக்கிறது என்று தொடரப்பட்ட வழக்கில், 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்தப் பழங்கதையும் கிளறப்பட்டது.

ஜாரை ஒழித்த நாடும் கடைசியில் இந்த வழிக்குத்தான் வந்தது. 1970களில் மாஸ்கோ பல்கலைக்கழகக் கணிதத் துறையின் வாய்மொழித் தேர்வில் யூதப் பையன்களுக்கென்று தனிக் கணக்குகள் இருந்தன. விடை ஒரே வரி, ஆனால் அந்த நேரத்துக்குள் யாருக்கும் எட்டாது. ‘சவப்பெட்டி’ என்று அவற்றுக்குப் பெயர். விலக்கப்பட்டவர்களுக்காக பெல்லா சுப்பட்டோவ்ஸ்கயா என்ற கணித அறிஞர் 1978இல் தன் வீட்டிலேயே வகுப்புத் தொடங்கினார். நாட்டின் தேர்ந்த கணிதப் பேராசிரியர்கள் கூலியில்லாமல் வந்து நடத்தினார்கள். பையன்களுக்கு ரொட்டி தயார்செய்து வைப்பார் பெல்லா. உடனிருந்த இருவர் 1982இல் கைதானார்கள். அந்த செப்டம்பரில் ஓர் இரவு லாரி மோதி பெல்லா இறந்தார். வகுப்புகளும் அதிக நாள் நீடிக்கவில்லை.

1984இல் அதே துறைக்கு விண்ணப்பிக்கப் போனான் எட்வர்ட் ஃபிரெங்கல், வயது 16. நீ எந்த இனம் என்று கேட்டாள் அலுவலகப் பெண். ரஷ்யன் என்றான். அம்மா? ரஷ்யர். அப்பா? யூதர்.

வாய்மொழித் தேர்வில் வட்டம் என்றால் என்ன என்று கேட்டார்கள். ஒரு புள்ளியிலிருந்து சம தூரத்தில் உள்ள புள்ளிகளின் தொகுதி என்றான். தப்பு என்றார் தேர்வாளர். ‘எல்லாப் புள்ளிகளின்’ தொகுதி என்று சொல்லியிருக்க வேண்டுமாம். நான்கு மணி நேரத்துக்கும் மேல் அப்படியே போயிற்று. எண்ணெய் எரிவாயுக் கல்வி நிறுவனம் ஒன்றில் படிக்கப்போனான்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 21 வயதில், வருகைதரு பேராசிரியராக அவரை அழைத்தது ஹார்வர்ட்.