மூடிய மில்லுக்கு மறுபடி உயிர் வருமா?



மூடிப்போன துணி மில்லை என்ன செய்யலாம்? இடிக்கலாம், விற்கலாம் என்று உடனே சொல்லிவிடுவோம். மூன்றாவது வழி ஒன்றும் இருக்கு. அதே கட்டிடத்தை அருங்காட்சியகமாக, ஓவியக் கூடமாக, நாடகம் போடும் இடமாக மாற்றலாம்.

முதலில் நம்ம சென்னைக் கதை

பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் என்று இரண்டு பெரிய ஆலைகள் இருந்தன. 1920-ல் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. ஜனங்கள் வாயில் அது பின்னி மில். காக்கித் துணிக்குப் பேர் போனது. இந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க.வும் கூட நின்று உழைத்தார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுதான் என்பார்கள்.

எங்க தாத்தா அங்கே நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு கூடக் கேட்காதாம். கை ஜாடையில்தான் பேசுவார்களாம். இன்றைக்கும் அவர் டீ வேணும்னா ஜாடைதான் காட்டுவார்!

1996-ல் மில் மூடப்பட்டது. அப்புறம் பல வருஷம் அந்தக் கொட்டகைகளில் சினிமா ஷூட்டிங் நடந்தது. நிறைய சண்டைக் காட்சிகளில் நாம் அந்தச் சுவர்களைப் பார்த்திருப்போம். பிறகு அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பின. வீடும் மனுஷனுக்குத் தேவைதான். ஆனால் “இங்கேதான் என் தறி இருந்தது” என்று தாத்தாவால் எனக்குக் காட்ட முடியாது.

மற்ற ஊர்களில்

அமெரிக்காவில் லோவெல் என்ற ஊரின் பழைய மில்களை 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் பழைய தறிகளை ஓட்டியே காட்டுகிறார்கள். இங்கிலாந்தில் 1853-ல் திறந்த சால்ட்ஸ் மில், 1987 முதல் ஓவியக் கூடம். ஜப்பானின் டொமியோகா பட்டு ஆலை 1872-ல் தொடங்கி 1987-ல் நின்றது. 2014-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. மும்பை பீனிக்ஸ் மில் இடத்திலோ பெரிய வணிக வளாகம் வந்துவிட்டது.

மில் கட்டிடம் ஏன் இதற்குப் பொருத்தம்?

பல மில்களின் கூரை ரம்பப் பல் போல இருக்கும். நம்ம நாட்டில் அதன் கண்ணாடிப் பக்கத்தை வடக்கே பார்த்து வைப்பார்கள். பெரும்பாலும் நேர் வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் சீராக வரும். நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய அப்படிக் கட்டினார்கள். ஓவியம் பார்க்கவும் அதே வெளிச்சம்தான் நல்லது. கூடமும் அகலம், கூரையும் உயரம்.

சுற்றுச்சூழலுக்கும் லாபம். செங்கல் சுட விறகோ நிலக்கரியோ எரியணும். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கார்பன்-டை-ஆக்சைடு வெளிவருகிறது. இருக்கிற சுவரையே வைத்துக்கொண்டால் அந்தப் புகையும் இல்லை, லாரி லாரியாக இடிபாடும் இல்லை. கூரையில் சூரிய மின்தகடு, கீழே மழைநீர்த் தொட்டி வைத்தால் இன்னும் நல்லது.

கவனிக்க வேண்டியவை

சுவரும் கூரையும் பலமாக உள்ளதா என்று பொறியாளர் சோதிக்கணும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் பாதுகாப்பாக அகற்றணும். சாயம் போட்ட இடமானால் மண்ணையும் பரிசோதிக்கணும். எல்லாவற்றையும் விட முக்கியம், டிக்கெட் விலை. நூல் நூற்றவர் வீட்டுப் பிள்ளைகளே உள்ளே போக முடியாவிட்டால், கட்டிடம் பிழைத்து என்ன பயன்?

கட்டிடம் போனாலும் அதில் வேலை செய்தவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மில்லில் உழைத்த தாத்தா பாட்டி இருந்தால் கேட்டு எழுதிக் கொடுங்கள். என்ன வேலை, எத்தனை மணிக்கு ஷிப்ட், மதியம் என்ன சாப்பாடு, இது போதும். அடுத்த சுவர் இதழில் சேர்த்து ஒட்டுவோம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி