எண்பத்தைந்தில் நடுங்கும் ஸ்டியரிங்

பெசன்ட் நகரிலிருந்து மாமல்லபுரம் பக்கம் போய்வரும் பழைய சொகுசுக் கார்கள் பலவற்றுக்கு ஒரு விசித்திரமான நோய் உண்டு. திருவான்மியூர் நெரிசலில் ஒன்றும் தெரியாது. உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி வேகம் 80-ஐ நெருங்கும்போது ஸ்டியரிங் லேசாக நடுங்கத் தொடங்கும். 85-ல் உள்ளங்கை அதிரும். 105-க்குப் போனால் நடுக்கம் தானாக அடங்கிவிடும். குறுக்கே மாடு வந்து நீங்கள் பிரேக்கை மிதித்தாலோ, வேகம் இறங்கும் வழியில் அதே 85-ல் மறுபடி வந்து, முன்னைவிட மோசமாக உலுக்கும்.

உடனே டயர் கடைக்குப் போய் வீல் பாலன்சிங் செய்வார்கள். கொஞ்ச நாள் தேவலாம் போலிருக்கும். பிறகு பிரேக் டிஸ்க் கோணிவிட்டது என்று யாரோ சொல்ல, அதையும் மாற்றுவார்கள். நடுக்கம் போகாது. கடைசியில் "வண்டிக்கு வயசாயிடுச்சு" என்று வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளிவிடப்படும் கார்களில் பெரும்பாலானவற்றில் இன்ஜின் திடமாக இருக்கும், பாடி திடமாக இருக்கும். செத்துப்போயிருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு ரப்பர் துண்டுகள். இந்த அநியாயம் ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

2007 மார்ச் 29 அன்று சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகே, மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ தன் ஆலையைத் திறந்தது. முதலில் அங்கே பூட்டப்பட்டவை 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்கள். அந்தத் தலைமுறை 5 சீரிஸை விவரம் தெரிந்தவர்கள் இ60 என்பார்கள். 2007-ல் பதிவான கார்களுக்கு 15 ஆண்டுப் பதிவு 2022-ல் முடிந்தது. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது இவை இரண்டாவது, மூன்றாவது கைக்கு வந்துவிட்டன. முன் சஸ்பென்ஷன் பிரச்சினை தலைகாட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

சென்னைக்குச் சொகுசுக் கார் அப்போது புதிதல்ல. ஊரின் தென்விளிம்பில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ், 1985-ல் பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரை ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் இங்கே செய்து விற்றது. பெரிதாக விற்கவில்லை, சில ஆண்டுகளில் நின்றுபோனது. ஆனால் அதன் முன் சக்கரங்களைத் தாங்கிய அமைப்பும் இ60-ன் அமைப்பும் ஒரே பரம்பரை: மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் உருவாக்கிய யோசனை அது. 1950-ல் பிரிட்டனில் ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் வந்த பிறகு உலகெங்கும் பரவியது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக்கி மேலே பாடியில் பொருத்திவிடுகிறார்கள். கீழே சக்கரத்தை ஒரு லோயர் ஆர்ம் பிடித்துக்கொள்கிறது.

பி.எம்.டபிள்யூ அந்தக் கீழ் ஆர்மை இரண்டாகப் பிரித்தது. ஒன்று சக்கரத்திலிருந்து குறுக்காக உள்ளே போகும். இன்னொன்று சாய்வாக முன்னோக்கிப் போகும். பிரேக் பிடிக்கும்போது சாலை சக்கரத்தைப் பின்னால் இழுக்க, இந்த முன் ஆர்ம் அதை இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. எவ்வளவு விசை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 1,750 கிலோ எடையுள்ள கார் பலமாக பிரேக் பிடித்தால், முன் டயர் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 450 கிலோ எடைக்குச் சமமான விசை பின்னோக்கி வேலை செய்யும். இதை வாங்கிக்கொள்வது அந்த ஆர்மும் அதன் உள்முனையில் இருக்கும் புஷ்ஷும்.

அந்த புஷ்ஷுக்கு இரண்டு எதிரெதிர் வேலைகள். ஸ்டியரிங் துல்லியமாக இருக்க அது விறைப்பாக இருக்க வேண்டும். சாலையின் சொரசொரப்பு உள்ளே வராமலிருக்க அது இளக்கமாக இருக்க வேண்டும். வெறும் ரப்பரால் இரண்டையும் செய்ய முடியாது. அதனால் ரப்பருக்குள் இரண்டு சிறிய அறைகள் வைத்து, கிளைக்கால் கலந்த திரவத்தை நிரப்பி, இரண்டுக்கும் இடையே ஒரு குறுகிய கால்வாயை விடுகிறார்கள். ஆர்ம் மெதுவாக அசைந்தால் திரவம் சிரமமில்லாமல் ஓடும். வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை என்ற வேகத்தில் ஆட முயன்றால், கால்வாயில் நெருக்கியடித்து ஓடும் திரவம் அந்த ஆட்டத்தின் ஆற்றலைத் தின்றுவிடும். மிக நுட்பமான பொருள் இது; வெளியே பார்த்தால் கறுப்பு ரப்பர் வளையம் மட்டுமே.

அந்தப் பத்துப் பதினைந்து எங்கிருந்து வந்தது? இந்தக் கார்களில் பரவலாக இருக்கும் 225/50, 17 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 2.06 மீட்டர். 85 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 23.6 மீட்டர். சக்கரம் வினாடிக்குப் பதினொன்றரை சுற்று சுற்றுகிறது. சக்கரம், பிரேக், ஆர்ம் எல்லாம் சேர்ந்த தொகுதி இயல்பாக ஆட விரும்பும் வேகமும் அதே வட்டாரம்தான். ஊஞ்சல் திரும்பி வரும் சமயம் பார்த்து ஒரு விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாலும் வீச்சு ஏறிக்கொண்டே போகுமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. ரிம்மின் விளிம்பில் 10 கிராம் எடை கூடுதலாக இருந்தால் இந்த வேகத்தில் அது ஒரு கிலோவுக்குச் சற்று மேலான விசையோடு வினாடிக்குப் பதினொரு முறை இழுக்கிறது. நல்ல புஷ் இருக்கும்வரை ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது. புஷ் செத்த பிறகு, பாலன்சிங் எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும் மிஞ்சும் ஐந்து கிராம் போதும், ஸ்டியரிங்கை உலுக்க. டயர் கடைக்காரர் மேல் தப்பில்லை. அவர் தூண்டுதலைக் குறைக்கிறார். நோய் இருப்பது அடக்கும் உறுப்பில். 105-ல் நடுக்கம் நின்றுவிடுவதும் இதனால்தான்: தூண்டுதல் தொகுதியின் இயல்பான தாளத்தைத் தாண்டிப் போய்விட்டது.

அடையாறில் ஒரு சிறிய பணிமனையில், லிஃப்டில் ஏற்றிய காருக்கு அடியில் நின்று இதைப் பார்த்தேன். மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். அலுமினிய ஆர்மின் முனையில் கரும்பழுப்பாக ஒரு கசிவு, அதில் மண் ஒட்டிக் கெட்டிப்பட்டிருந்தது.

"ஆயில் லீக்குனு நெனச்சு துடைச்சு விட்ருப்பாங்க சார். இது ஆயில் இல்ல. புஷ்ஷுக்குள்ள இருந்த தண்ணி."

"எப்ப போயிருக்கும்ணே?"

"காஞ்சு போயிருக்கே, ரொம்ப நாளாச்சு. இப்ப பாருங்க." கடப்பாரை போன்ற நீளக் கம்பியை இடுக்கில் கொடுத்து நெம்பினார். ரப்பரில் அரைவட்டமாக ஒரு கிழிசல் வாய் திறந்தது. உள்ளே காலி அறை தெரிந்தது.

ரப்பர் ஏன் கிழிகிறது என்பதற்குச் சென்னைக்கென்று தனிக் காரணங்கள் உண்டு. 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கினார். அந்த உறுதிக்குப் பிறகும் இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் மிச்சமிருக்கும். ஆக்சிஜன் அவற்றை மெதுவாகத் தாக்கும், ஓசோன் வேகமாகத் தாக்கும். வாகனப் புகையும் கடும் வெயிலும் சேரும் நகரத்தில் தரைமட்டத்திலேயே ஓசோன் உருவாகிறது. அது இழுபட்டிருக்கும் ரப்பரைக் குறிவைக்கும். இழுவைக்குக் குறுக்காக மயிரிழை வெடிப்புகளைப் போடும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் தோராயமாக இரண்டு மடங்காகும் என்பது வேதியியலாளர்களின் கைக்கணக்கு. சென்னையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28 டிகிரியைத் தாண்டுகிறது. இந்தக் காரை வடிவமைத்த நிறுவனத்தின் ஊரான மியூனிக்கில் அது 10 டிகிரி அளவில் நிற்கும். அங்கே வகுத்த ஆயுட்கணக்கை இங்கே அப்படியே எதிர்பார்ப்பது சரியல்ல.

அடுத்து உப்பு. எலியட்ஸ் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பியும் ஏ.சி. வெளிப்பெட்டியும் படும் பாடு தெரியும். கடலோரத்தில் உலோகம் எப்படி அரிக்கிறது என்பதை அளந்து பார்க்கவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. காற்றில் வரும் உப்பு, கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் மளமளவென்று குறைந்துவிடும். அதனால் இரண்டாவது அவென்யூவில் நிற்கும் காருக்கும் கிண்டியில் நிற்கும் காருக்கும் அடிப்பகுதியில் வித்தியாசம் தெரியும். இ60-ன் முன் ஆர்ம்கள் அலுமினியம், துருப்பிடிக்காது. ஆனால் எஃகு போல்ட்டும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் ஒரு சிறு மின்கலமாகிவிடும், அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். போல்ட் கழற்ற வராமல் மக்கர் செய்வது இதனால்தான். ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்தால் கதை சீக்கிரம் முடியும்: கிரீஸ் வெளியே, உப்பு மணல் உள்ளே. வாரம் ஒருமுறை அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர் அடிப்பது உண்மையாகவே பலன் தரும். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதை அடிக்காதீர்கள்.

வேகத்தடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல், வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மென்மையான வில்லாக இருக்கட்டும் என்கிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க அரை வினாடி ஆகும். வண்டியின் உடம்பே நிதானமாக ஏறி இறங்கும். நம் குடியிருப்புத் தெருக்களில் அரை மீட்டர் அகலத்தில் போட்டுவைத்திருக்கும் திண்டுகளை அதே வேகத்தில் சக்கரம் வினாடியில் பதினான்கில் ஒரு பங்கு நேரத்தில் கடக்கிறது. உடம்பு அசைய நேரமே இல்லை. மொத்த அடியும் புஷ்ஷுக்குப் போகிறது. இது ஓட்டுநர் குற்றமல்ல. தரம் எழுதி வைத்திருக்கும்போது அதைப் பின்பற்றாமல் போடுவது மக்கள் முதுகெலும்புக்கும் கேடு.

சரி, புஷ்ஷை மாற்றுவது எப்படி? பல பணிமனைகளில் வேலை கெடுவது ஒரே ஒரு இடத்தில். லிஃப்டில் கார் தொங்கும்போது சக்கரம் கீழே இறங்கியிருக்கும். ஆர்ம் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்ந்திருக்கும். புதிய புஷ்ஷின் ரப்பர் வெளி வளையத்தோடும் உள் குழலோடும் ஒட்டவைக்கப்பட்டது. அது சுழலாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுசாக இறுக்கினால், காரைக் கீழே இறக்கிய நொடியிலிருந்து அந்த ரப்பர் நாள் முழுக்க, நிறுத்திவைத்திருக்கும்போதும்கூட, முறுக்கிலேயே வாழும். இழுபட்ட ரப்பரைத்தான் ஓசோன் தேடுகிறது என்று மேலே பார்த்தோம். எனக்கு வேண்டிய ஒருவரின் காரில் இப்படிப் போட்ட புதிய புஷ் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, காரின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அதே போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது என்று நிறுவனம் சொல்லும் இடங்களில் புதிய போல்ட்தான். இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் விறைப்பு, ஒரு பக்கம் தளர்வு என்றால் பிரேக்கில் கார் ஒருபக்கமாக இழுக்கும்.

பொருள் வாங்கும் இடத்தில் ஆசை குறுக்கே வரும். ஜி.பி. ரோட்டில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். புதுப்பேட்டையில் கழற்றிய ஆர்ம் மலிவாகக் கிடைக்கும். கழற்றிய ஆர்மில் இருக்கும் புஷ்ஷுக்கும் உங்கள் புஷ்ஷின் வயசுதான் என்பதை மறக்க வேண்டாம். இன்னும் சிலர் லேத்தில் நைலான் புஷ் கடைந்து தருவார்கள், "ஆயுசுக்கும் போவாது" என்பார்கள். போகாது என்பது நிஜம்தான். பதிலுக்கு ஒவ்வொரு அடியும் அலுமினிய ஆர்முக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நேராகப் போகும். ரப்பர் சாகும்; சாவதற்காகவே அதை அங்கே வைத்திருக்கிறார்கள். இந்த ஊர் இத்தகைய பாகங்களையும் ரப்பரையும் அறியாத ஊருமல்ல. 1929-ல் தொடங்கிய ராணே குழுமம் பல பத்தாண்டுகளாக ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பால் ஜாயின்ட்டுகளைச் செய்துவருகிறது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். ரப்பரில் வளர்ந்த கதையை எல்லோரும் அறிவோம்.

எல்லாம் பூட்டிய பிறகு வீல் அலைன்மென்ட். சில பி.எம்.டபிள்யூ மாடல்களுக்கு, சீட்டுகளிலும் டிக்கியிலும் குறிப்பிட்ட எடையை வைத்து, கார் ஆளேறிய உயரத்துக்கு இறங்கிய பிறகுதான் கோணம் பார்க்க வேண்டும் என்று நிறுவனம் சொல்கிறது. பல கடைகளில் இதைச் செய்வதில்லை. மணல் மூட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மாற்றுவதற்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு இரண்டையும் அச்சடித்து வாங்கிக்கொள்ளுங்கள். புதிய ரப்பர் கொஞ்சம் படிந்து உட்காரும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை அளந்து, அந்தத் தாளோடு ஒப்பிட்டால் போதும்.