ஒரு வரிதானே!

திருத்தணிக்கு அருகிலுள்ள அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனியாமல் விட்டால், புடவை நீளத்துக்கும் கோடு விழும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளைகளும் அப்படித்தான், சகோதரிகளே!

2014 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்று வெளியிட்டது. கோளாறு என்ன தெரியுமோ? 'கோட்டோ ஃபெயில்' என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது! மேல்வரிக்கு நேராக ஒழுங்காய் நின்றதால் கண்ணில் படவில்லை. ஆனால் அந்த உபரி வரி, 'மறுமுனையில் இருப்பது உண்மையில் பாங்க்தானா?' என்ற சோதனையைத் தாண்டிக் குதித்துவிட்டது. வேஷதாரி ஒருவன் நடுவே புகுந்து ரகசியங்களைப் படிக்க வழி பிறந்தது.

இம்மாதிரி மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கணக்குப் புத்தகம்தான் 'கிட்'. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது. நீக்கிய வரிக்குக் கழித்தல் குறி, சேர்த்ததற்குக் கூட்டல் குறி. யார், எப்போது மாற்றினார் என்பதும் இருக்கும். சேர்க்குமுன் இன்னொருவர் படித்துச் சம்மதிப்பது நல்ல வழக்கம். அவர் மாறிய வரியோடு மேலும் கீழும் படிக்க வேண்டும். பொய்ச் சான்றைக் கொடுத்தால் மறுக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

'ஒரு வரியைப் பார்க்கத்தான் இத்தனை நேரம், அம்மா!' என்று உங்கள் பெண் சொன்னால், நம்புங்கள்!