சட்டம் மாறும் முன்பே சொல்ல வேண்டியவை

காதி நீதிமன்றம் என்ற பெயரை நம் வீடுகளில் கேட்டிராதவர் இல்லை. தலாக், பஸ்ஹ், மஹர், தாபரிப்பு என்று வரும் பிணக்குகள் அங்கேதான் விசாரிக்கப்படுகின்றன. நாளை நம் நிக்காஹ் பதியப்படுவதும் அதே சட்டத்தின் கீழ்தான். ஆனால் அந்த விதிகள் திருத்தப்படும்போது நமக்கும் பேச இடமுண்டா? உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் கற்கும் மாணவி என்ற வகையில் நான் அறிந்துகொண்டதைத் தோழிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

காதி நீதிமன்றங்கள் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி இயங்குகின்றன. காதிமாரை நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கிறது. அச்சட்டத்தின் வாசகப்படி முஸ்லிம் ஆண் ஒருவரே காதியாகலாம். வழக்காளியின் சார்பில் சட்டத்தரணி அங்கு தோன்ற முடியாது. தீர்ப்பில் திருப்தியில்லாதவர் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.

சட்டத்தரணி இல்லை என்ற விதியையே எடுத்துக்கொள்வோம். செலவு குறையும், ஏழையும் வழக்குப் பேசலாம் என்பது ஒரு பக்கம். பேசிப் பழக்கமில்லாத ஒரு பெண் தனித்து நின்று தன் நியாயத்தைச் சொல்ல வேண்டும் என்பது மறுபக்கம். எந்தப் பக்கம் கனமானது என்பதை அங்கு போய் வந்தவர்களே நன்கு அறிவார்கள். அதனால்தான் பொதுமக்களின் கருத்து தேவைப்படுகிறது.

2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, எழுத்திலும் வாய்மொழியாகவும் மக்களின் கருத்துகளைப் பெற்றது. அதன் அறிக்கை 2018இல் கையளிக்கப்பட்டது. உறுப்பினர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. இரு தரப்பாகப் பரிந்துரைகளை வழங்கினர். பெண்கள் காதியாகலாமா என்பது அவர்கள் வேறுபட்ட விடயங்களுள் ஒன்று.

காலம் ஏன் முக்கியம்? நம் அரசியலமைப்பின் 16ஆவது உறுப்புரைப்படி, 1978க்கு முன்பிருந்த சட்டம் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும். புதிய சட்டமூலம் ஒன்றை, அது பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்டபின் குறிப்பிட்ட சில நாட்களுக்குள், எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்படுத்தலாம். அது நிறைவேறிச் சான்றுரை பெற்றுவிட்டால், 80ஆவது உறுப்புரைப்படி எந்த நீதிமன்றமும் அதன் வலிதுடைமையை ஆராய முடியாது. ஆகவே பேசுவதற்கு உரிய வேளை அதற்கு முன்னர்தான்.

எப்படி எழுதுவது? "மாற வேண்டும்" என்றோ "மாறவே கூடாது" என்றோ மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு அதில் பிடிக்க ஒன்றும் இராது. எந்தப் பிரிவு, அதனால் நடைமுறையில் நடப்பது என்ன, அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்ற மூன்றையும் ஒரு பக்கத்துக்குள் சொல்லலாம். தாபரிப்புக் கேட்டு வரும் தாய் எத்தனை தவணை அலைகிறாள், அவள் சொன்னது சரியாகப் பதியப்படுகிறதா, கைக்குழந்தையோடு உட்கார அங்கு இடமுண்டா என்பவையும் நிர்வாகம் சார்ந்த கேள்விகளே. அவற்றுக்கு விடை கூறப் பட்டம் தேவையில்லை.

பெற்றோரே, அடுத்த முறை கருத்துக் கோரும் அறிவித்தல் பத்திரிகையில் வந்தால் மகளையும் அருகே அமர்த்தி வாசியுங்கள். அவளது கருத்து உங்களுடையதிலிருந்து வேறுபடலாம். அப்படியானால் இரண்டு கடிதங்கள் போகட்டும்.